கொடிகாமத்து வெயிலும் மத்தியதரைக் கடல் வீடும்

மத்தியதரைக் கடல் பாணி என்ற பெயரில் இன்று உலகின் பல வெப்பநிலங்களில் கட்டப்படும் வீட்டின் அடையாளங்கள் பெரும்பாலோர் அறிந்தவையே: வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் பூச்சுக் கொண்ட சுவர், சிவந்த அரைவட்ட ஓடு, வளைவுகள் தாங்கும் முகப்பு, வானம் பார்த்த ஒரு முற்றம். ஆனால் இந்த அடையாளங்களை ஒன்றாகத் திரட்டி ஒரு பாணியாக்கியது மத்தியதரைக் கடற்கரை அன்று, அமெரிக்கா. 1915இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் நடைபெற்ற பனாமா–கலிபோர்னியா கண்காட்சிக்குப் பெர்ட்ரம் குட்ஹியூ ஸ்பானிய மரபில் கட்டடங்களை அமைத்ததும், 1918 தொடக்கம் புளோரிடாவின் பாம் பீச்சில் அடிசன் மைஸ்னர் செல்வந்தர்களுக்கு மாளிகைகள் எழுப்பியதும், 1925இன் நிலநடுக்கத்தில் இடிந்த சாண்டா பார்பரா நகரம் வெண்சுவரும் செவ்வோடுமாக மீண்டும் கட்டப்பட்டதும் இந்தப் பாணியின் பிறப்புக்குக் காரணமான நிகழ்வுகள். அந்தலூசியாவிலும் சிசிலியிலும் தூனிசியாவிலும் வீடு கட்டிய கொத்தருக்கோ பாணி என்று ஒன்று இருக்கவில்லை. கல்லும் சுண்ணாம்பும் களிமண்ணும் நீண்ட கோடையுமே அவர் கைவசம் இருந்தவை. அங்கே வீடு தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவிலோ அதன் முகம் மட்டும் பெயர்த்தெடுக்கப்பட்டது. வெப்பநிலத்து மக்களை அந்த வீடு இத்தனை காலமாக ஏன் ஈர்க்கிறது என்பதை அறிய, தேவையையும் முகத்தையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

அவ்வாறு பிரித்துப் பார்ப்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில், கண்டி வீதியும் வடக்குத் தொடருந்துப் பாதையும் ஊடறுத்துச் செல்ல, பருத்தித்துறைக்கு ஒரு வீதி பிரியும் கொடிகாமம் பொருத்தமான இடம். மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் தேங்காய்க்கும் பெயர்பெற்ற சந்தை உள்ள இவ்வூர், குடாநாட்டின் மற்றொரு பகுதியான வலிகாமத்தின் செம்மண்ணுக்கு மாறாக மணற்பாங்கான நிலத்தில், தென்னந்தோப்புகளுக்கும் மாமரங்களுக்கும் நடுவே அமைந்தது. குடாநாட்டின் முற்றம் வைத்த வீட்டு மரபு, ஐரோப்பியர் கொண்டுவந்த ஓடும் சுவரும், போரினால் நேர்ந்த அழிவு, அதன்பின் வெளிநாட்டுப் பணத்தில் எழும் புதிய வீடு ஆகிய நான்கும் இந்தச் சிறு பரப்புக்குள் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

முதலில் வானிலையை நோக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் குடாநாட்டுக்கும் மத்தியதரைக் கரைக்கும் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் ஆண்டின் நீண்ட பகுதி வறண்டது. மழை சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அங்கே அது குளிர்காலத்து மழை, இங்கே ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவ மழை. இரண்டும் சுண்ணாம்புக்கல் நிலங்கள். கோடையில் வற்றாத ஆறு குடாநாட்டில் இல்லை, மத்தியதரைத் தீவுகள் பலவற்றிலும் இல்லை. ஆனால் வீடு கட்டுபவருக்கு இந்த ஒற்றுமைகளைவிட வேற்றுமைகளே முக்கியமானவை. தென் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் ஜூலை மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 37 பாகை செல்சியசுக்கு ஏறி, இரவில் 19 பாகைக்கு இறங்குகிறது. குடாநாட்டில் பகல் வெப்பம் 30ஐச் சற்றே தாண்டும். இரவோ பெரும்பாலும் 25 பாகையை ஒட்டியே நின்றுவிடும். கடலும் நீரேரியும் சூழ்ந்த நிலத்தின் ஈரப்பதன் இரவுக் குளிரைத் தடுத்துவிடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையே 18 பாகை வேறுபாடுள்ள ஊரில் தடித்த கற்சுவர் இரவின் குளிரைச் சேமித்துப் பகலில் தரும். அந்த வேறுபாடு ஆறேழு பாகையாகச் சுருங்கிய ஊரில் அதே சுவர் பகலின் வெப்பத்தைச் சேமித்து இரவில் தரும். கொடிகாமத்தில் ஒருவரின் உடலைக் குளிர்விப்பது சுவர் அன்று, காற்று. நொடிக்கு 1 மீற்றர் வேகத்தில் மெல்ல வீசும் காற்றுக்கூட, உணரப்படும் வெப்பத்தைச் சுமார் 3 பாகை குறைக்கவல்லது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமும், மாரியில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடையுமே இங்கே வீட்டின் திசையையும் திறப்பையும் தீர்மானிக்க வேண்டியவை.

அடுத்தது சூரியன். குடாநாடு வட அகலக்கோடு 9 பாகை 40 கலையை ஒட்டி இருப்பதால், சித்திரைப் புத்தாண்டு நாட்களிலும் ஆவணியின் நடுப்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மார்கழியில்கூட நண்பகற் சூரியன் தென்வானில் 57 பாகை உயரத்தில் நிற்கிறது. அதே நாளில் கோர்தோபாவில் அது 29 பாகைக்குமேல் எழுவதில்லை. அந்தலூசிய முற்றத்தைச் சுற்றிய நடை, கோடையின் உயர்ந்த வெயிலை விலக்கி, குளிர்காலத்தின் தாழ்ந்த வெயிலை உள்ளே அழைக்கும் வகையில் அளவெடுக்கப்பட்டது. கொடிகாமத்தில் எந்த மாதத்து வெயிலையும் உள்ளே அழைக்கத் தேவையில்லை. இங்கே தெற்கு நோக்கிய 6 அடி ஆழமான விறாந்தை ஒன்று, ஆண்டின் எந்த நண்பகலிலும் தாவாரத்துக்குக் கீழே குறைந்தது 9 அடி உயரச் சுவரை நிழலில் வைத்திருக்கப் போதுமானது. தொல்லை தருவன கிழக்கும் மேற்கும்: காலையிலும் மாலையிலும் சரிந்து வரும் வெயிலை எந்தத் தாவாரமும் தடுக்காது, அதற்கு மரமோ தட்டியோ வேண்டும். குடாநாட்டு வளவுகளில் மாவும் பலாவும் வீட்டை ஒட்டி நிற்பது பழத்துக்காக மட்டும் அன்று.

மத்தியதரைக் கடல் வீட்டின் உயிர் முற்றம். கி.பி. 79இல் வெசுவியசு எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்து வீடுகள் அதன் பழைய வடிவத்தைத் துல்லியமாகக் காட்டுகின்றன. நான்கு புறத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, நடுவே விடப்பட்ட திறப்பின் வழியே மழைநீரைக் கீழேயுள்ள ஆழமற்ற தொட்டியில் வீழ்த்தும். அத்தொட்டியிலிருந்து நீர் நிலத்தடிச் சேமிப்பறைக்குச் செல்லும். தெருப்பக்கத்துச் சுவர் ஏறத்தாழ மூடியே இருக்கும். ஒளியும் காற்றும் நீரும் நடுவிலிருந்தே வரும். பின்னர் அரபு நாடுகளிலும் அந்தலூசியாவிலும் அதே முற்றம் நீரூற்றும் எலுமிச்சையும் மல்லிகையுமாகச் செழித்தது. கோர்தோபாவின் முற்றத் திருவிழாவை யுனெஸ்கோ 2012இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வீட்டின் வடிவம் தட்பவெப்பத்துக்கேற்ப ஊருக்கு ஊர் மாற வேண்டும் என்று கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டிலேயே உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு தம் நூலின் ஆறாம் பாகத்தில் எழுதிவைத்தார் என்பது, அந்த வடிவத்தை மாற்றமின்றி நகலெடுக்கும் இன்றைய வழக்கத்துக்கு அம்மரபின் உள்ளிருந்தே எழும் மறுப்பு.

குடாநாட்டின் முற்றத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தின் பழைய குடியிருப்பு ஒரே கூரையின்கீழ் அமைந்ததன்று. வளவின் நடுவே மெழுகிய முற்றம். அதன் ஒருபுறம் பொருள்களை வைத்துப் பூட்டும் அறையைக் கொண்ட வீடு, மறுபுறம் அடுக்களை, முன்னே விருந்தினரை இருத்தும் தலைவாசல், வேலியில் கூரை வேய்ந்த சங்கடப்படலை, பின்னே கிணற்றடி என அது தனித்தனிக் கொட்டில்களின் கூட்டமாக இருந்தது. மண்சுவரும், வலிகாமத்தில் பெரும்பாலும் பனையோலையும், தென்னை மிகுந்த தென்மராட்சியில் கிடுகும் அதன் பொருள்கள். இந்தச் சிதறிய கொட்டில்கள் காலப்போக்கில் நெருங்கி, ஓடும் கற்சுவரும் வாங்க இயன்ற குடும்பங்களிடையே ஒன்றோடொன்று இணைந்தபோது நாற்சார் வீடு உருவாயிற்று எனலாம். நான்கு பக்கமும் கூரை உள்ளே சாய, நடுவில் வானம் திறந்த முற்றமும், அதைச் சுற்றி விறாந்தையும், விறாந்தைக்கு அப்பால் அறைகளும் கொண்ட இந்த வீட்டை, கேரளத்தின் நாலுகெட்டுக்கும் செட்டிநாட்டு முற்றங்களுக்கும் உறவாகவே கருத வேண்டும். உரோமிலிருந்து வந்த கடனாகக் கருதுவதற்குச் சான்று இல்லை. ஒத்த வானிலையும் ஒத்த குடும்ப அமைப்பும் தொலைவிலுள்ள நிலங்களில் ஒத்த விடையைப் பிறப்பிப்பது கட்டட வரலாற்றில் அரிதன்று.

எனினும் நாற்சார் வீட்டைப் பொன்னுலகமாகக் காட்டுவது நேர்மையாகாது. அது வசதி படைத்தோரின் வீடு. பெரும்பாலான மக்கள் இருபதாம் நூற்றாண்டிலும் மண்சுவர்க் கொட்டில்களிலேயே வாழ்ந்தனர். படலையிலிருந்து தலைவாசல், திண்ணை, முற்றம், உள்வீடு என அமைந்த படிமுறை காற்றுக்கும் வெயிலுக்கும் மட்டும் அளவெடுக்கப்பட்டதன்று. எந்தச் சாதியார் எதுவரை வரலாம், வேற்று ஆடவர் எங்கே நிற்க வேண்டும், பெண்கள் எதற்கு அப்பால் வெளிப்படலாகாது என்பனவற்றையும் அதுவே வரையறுத்தது. முற்றத்தின் குளிர்மை சிலருக்கே உரியதாக இருந்தது. இன்று அந்த வடிவத்தை மீட்க விரும்புவோர் அதன் காற்றோட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் விலக்குகளைக் கைவிடுவது இயலும். ஆனால் விலக்குகள் இருந்தன என்பதை மறைக்கலாகாது.

வெப்பத்தை அந்த வீடு கையாண்ட விதம் நுட்பமானது. அறைகள் சிறியவை, இருண்டவை, யன்னல் குறைந்தவை. நெல்லும் நகையும் பெட்டகமும் இருந்த இடங்கள் அவை. அங்கே எவரும் பகலைக் கழிக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் விறாந்தையிலும் முற்றத்திலும் நடந்தது: நெல் காய்வதும், பிள்ளைகள் படிப்பதும், கோடை இரவில் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். தடித்த சுவர் இரவில் வெப்பத்தை உமிழும் குறையை, அச்சுவரைவிட்டு வெளியே வந்து உறங்குவதன் மூலம் அக்கால மக்கள் கடந்தனர். முற்றத்தின் வழியே மேலெழும் சூடான காற்றின் இடத்தை, பின்கதவு வழியே நுழையும் சோளகம் நிரப்பியது. மத்தியதரைக் கடல் வீடு தன்னை வெளியுலகுக்கு மூடிக்கொண்டு முற்றத்தால் மூச்சுவிட்டது. யாழ்ப்பாணத்து வீடோ முற்றத்தாலும் முன்புறத்தாலும் பின்புறத்தாலும் மூச்சுவிட்டது.

இந்த வீட்டின் கடினமான பகுதி எது என்று தச்சரைக் கேட்டால் கூடுவாயைக் காட்டுவார். அடுத்தடுத்த இரு பக்கங்களின் கூரைச் சரிவுகள் உள்மூலையில் சந்திக்கும் பள்ளமே கூடுவாய். நாற்சார் வீட்டில் முற்றத்தை நோக்கிய நான்கு மூலைகளிலும் நான்கு கூடுவாய்கள் அமையும். இரு சரிவுகளின் மழையும் அங்கே ஒன்றுசேர்ந்து பாய்வதால், கார்த்திகை மழையின் முழு வேகத்தையும் தாங்க வேண்டியது அந்த ஒடுங்கிய பள்ளம்தான். அதன் கீழே சாய்ந்து செல்லும் கூடுவாய்மரம் வைரமேறிய பனையாக இருக்க வேண்டும்; இருபுறத்துப் பனஞ்சலாகைகளும் அதன்மேல் சரிவாக வெட்டிப் பொருத்தப்பட வேண்டும்; ஓட்டை மூலைக்கேற்பச் சாய்வாக வெட்டி, அடியில் தகரம் விரித்து, ஓரத்தைச் சாந்தால் அடைக்க வேண்டும். மாவிலையும் வேப்பஞ்சருகும் விழுந்து அடைபட்டால் நீர் பின்வாங்கி ஓட்டுக்கு அடியில் ஏறும், சலாகை உக்கும், பின்னர் மூலையே இறங்கும். ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் ஒருவர் கூரையில் ஏறிச் சருகு வாருவது இந்த வீட்டுக்குச் செலுத்த வேண்டிய வரி. பெரிய குடும்பங்கள் சிதறி, வீட்டில் ஏறுவதற்கு ஆளில்லாத நிலை வந்தபோது நாற்சார் வீடுகள் முதலில் பழுதானது இம்மூலைகளில்தான். அவ்வடிவம் கைவிடப்பட்டதற்கு நாகரிக மோகத்தை மட்டும் காரணமாகச் சொல்வோர் இந்தப் பராமரிப்புச் சுமையைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஐபீரியக் கட்டடமுறை இந்த மண்ணுக்கு நேரடியாக வந்த வழியும் உண்டு. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் குடாநாட்டைப் பங்குகளாகப் பிரித்துக் கோயிற்பற்றுதோறும் தேவாலயங்களை அமைத்தனர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் அவற்றைத் தம்முடையனவாக்கினர். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பிலிப்பசு பால்தேயசு 1672இல் ஆம்சுட்டர்டாமில் வெளியிட்ட நூலில் குறிப்பிடும் தேவாலயங்களுள் தென்மராட்சியின் சாவகச்சேரி, கச்சாய், வரணி என்பனவும் அடங்கும். கொடிகாமத்துக்குத் தெற்கே கச்சாயும் வடக்கே வரணியும் இருப்பதால், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த முருகைக்கற் சுவரும் வளைவு வாசலும் பதினேழாம் நூற்றாண்டிலேயே இவ்வூராரின் கண்ணுக்கு எட்டியவையாக இருந்திருக்கும். ஒல்லாந்தர் கொழும்பிலும் காலியிலும் கட்டிய நகர வீடுகளிலும் தூண் வரிசை கொண்ட தெருவிறாந்தை, உயர்ந்த ஓட்டுக் கூரை, பின்புறத்தே நடைகள் சூழ்ந்த முற்றம் என்பன இருந்தன; 1692 தொடக்கம் 1697 வரை ஆளுநராயிருந்த தோமசு வான் றீ கொழும்புப் புறக்கோட்டையில் கட்டிய வீடு, இன்று ஒல்லாந்தர் கால அருங்காட்சியகமாக, அந்த அமைப்பைக் காட்டி நிற்கிறது.

குடாநாட்டு மக்கள் அவர்களிடமிருந்து எதை எடுத்தனர், எதை விட்டனர் என்பதே கவனிக்கத் தக்கது. சுண்ணாம்புப் பூச்சையும், சுவரின் பருமனையும், தூண் வைத்த விறாந்தையையும், ஓட்டையும் எடுத்தனர். தட்டையான மொட்டைமாடியை எடுக்கவில்லை; தாவாரமின்றி வெயிலுக்கு நேரே நிற்கும் வெறுஞ்சுவரை எடுக்கவில்லை; தெருவுக்கு நேரே வாசல் வைக்கும் வழக்கத்தை எடுக்கவில்லை, வளவும் வேலியும் படலையும் அப்படியே நீடித்தன. ஆண்டுமழையின் பெரும்பகுதி மூன்று மாதங்களில் இறங்கும் நிலத்தில் செங்குத்தான கூரையும் நீண்ட தாவாரமும் தவிர்க்க முடியாதவை என்பதைக் கட்டியவர்கள் அறிந்திருந்தனர். முதலில் பயன்பட்ட அரைவட்டப் பீலி ஓடு, கவிழ்த்தும் மலர்த்தியும் அடுக்கப்படுவது. பாரம் மிகுந்தது, வலிய மரம் கேட்பது, குரங்கும் தேங்காயும் விழுந்தால் எளிதில் நகர்வது. 1865இல் பாசல் மிசனைச் சேர்ந்த பிளெப்சுட் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் ஓடுகள், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டையான வடிவத்தில் தென்னிந்தியக் கரையெங்கும் இலங்கையிலும் பரவியபோது, குறைந்த மரத்தில் குறைந்த ஒழுக்குடன் கூரை போட முடிந்தது. யாழ்ப்பாணத்து ஓட்டு வீடு நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது அதன் பின்னரே.

சுண்ணாம்பு தனியே பேசப்பட வேண்டியது. முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணலுடன் சேர்த்துக் குழைத்துப் பல நாள் ஊறவிட்டு, பனங்கட்டிக் கரைசலும் கடுக்காய் நீரும் சேர்த்து அரைத்த சாந்து, மெல்ல இறுகி, காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. அது இறுகிய பின்னரும் அதன் நுண்துளைகள் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். கடலும் உப்புநீரும் அருகிலுள்ள தென்மராட்சியில் இது பெரும் நன்மை: நிலத்திலிருந்து சுவரில் ஏறும் உப்பீரம் பூச்சின் வழியே ஆவியாகிவிடும், பூச்சு உதிர்ந்தால் மேலும் ஒரு பூச்சுப் போதும், கல் பிழைக்கும். சுண்ணாம்பு வெள்ளை வெயிலின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புவதும் கிரேக்கத் தீவுக்கும் கொடிகாமத்துக்கும் பொதுவான பயன். காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர் குடாநாட்டின் அதே சுண்ணாம்புக்கல் சீமெந்தாகி, சூளைச் சுண்ணாம்பைக் கட்டடத்திலிருந்து அகற்றியது. விரைவாக இறுகுவதும் வலுவானதும் ஆகிய சீமெந்தின் பயன் மறுக்க முடியாதது. 1990இல் போரினால் மூடப்படும் வரை அத்தொழிற்சாலை வடக்கின் பெருமையாகவும் இருந்தது. ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சீமெந்துப் பூச்சுப் பூசுவது தவறு: ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் படிகமாகிப் பூச்சைக் கல்லோடு சேர்த்துப் பிய்த்துவிடும். எஞ்சியிருக்கும் பழைய வீடுகளைத் திருத்துவோர் இதை அறிந்திருப்பது எல்லாவற்றுக்கும் முதற்படி.

உரோம வீட்டுக்கும் யாழ்ப்பாண வீட்டுக்கும் உள்ள இன்னொரு உறவு நீரைப் பற்றியது. உரோமர் முற்றத்து மழையைத் தொட்டியில் பிடித்தனர்; குடாநாட்டில் அத்தொட்டி நிலத்துக்கு அடியிலேயே உண்டு. சுண்ணாம்புக்கல்லின் துளைகளில் நிறையும் மழைநீர், பாரமான உப்புநீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும் என்பது அதே கணக்கின் மறுபக்கம். மணல் முற்றமும் மணல் வளவும் மழையைக் குடித்துக் கிணற்றுக்குக் கொடுத்தன. இன்று படலையிலிருந்து கிணற்றடி வரை சீமெந்தும் கற்பாளமும் பதிக்கப்பட்ட வளவில் விழும் மழை வீதிக்கு ஓடிக் கடலுக்குப் போய்விடுகிறது. வெப்பத்துக்கு இணையாக இதுவும் வீட்டு வடிவமைப்பின் பிரச்சினையே.

இலங்கையில் மத்தியதரைக் கடல் மரபைச் செரித்துக்கொண்டு புதிதாகப் படைத்தவர்களும் இருந்தனர். 1949 தொடக்கம் 1951 வரை கண்டியில் கருணாரத்ன இல்லத்தைக் கட்டிய மினெற் டி சில்வா உள்ளூர்க் கைவினையை நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தார். இத்தாலியில் குடியேற எண்ணியிருந்த ஜெப்ரி பாவா அந்த எண்ணத்தைக் கைவிட்டு 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கினார். இத்தாலியத் தோட்டங்களில் அவர் கண்ட ஒழுங்கு அங்கே இலங்கைக் காட்டோடு கலந்தது. 1960–62இல் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீடு, நெருங்கிய நகர நிலத்தில் சுற்றுச்சுவருக்குள் முற்றங்களைப் பொதித்து, முற்றம் பழங்காலத்துக்கே உரியது என்ற எண்ணத்தை உடைத்தது. அவரது கட்டடங்களில் பரவலாகக் காணப்படும் ஒரு முறை, அலைவடிவச் சீமெந்துத் தகட்டின்மேல் அரைவட்ட ஓட்டைப் பரப்புவது: மழையைத் தகடு தடுக்கும், வெயிலை ஓடு தடுக்கும். அக்காலத் தகடுகளில் கல்நார் கலந்திருந்தது என்பதால் அப்படியே பின்பற்ற முடியாவிடினும், இரண்டடுக்குக் கூரை என்னும் எண்ணம் கூடுவாயின் பழைய நோய்க்கு நல்ல மருந்து.

கொடிகாமத்துக்கோ இந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை. 2000ஆம் ஆண்டு சித்திரையில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்தபின் சண்டை தென்மராட்சிக்குள் பரவியது. மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சாவகச்சேரி நகரம் இடிபாடாயிற்று. அதன்பின் 2009 தை மாதம் வரை முகமாலையில் நின்ற போர்முனைக்குக் கொடிகாமம் அண்மையிலேயே இருந்தது. ஓட்டு வீடுகளுடன் அவற்றின் கதவும் நிலையும் மரமும் போயின. அவற்றைச் செய்யத் தெரிந்தவர்களும் சிதறினர். மீள்குடியேற்றக் காலத்து வீட்டுத்திட்டங்கள் உயிர்ப்பிரச்சினைக்கு விடையளித்தன. 2010இல் அறிவிக்கப்பட்டு, பெரும்பகுதி வடகிழக்குக்கு ஒதுக்கப்பட்ட இந்திய உதவியின் 50,000 வீடுகள் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,50,000 ரூபா தரப்பட்டு, பயனாளிகளே கட்டும் முறை பின்பற்றப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடிக்குள் இரண்டு அறையும் ஒரு கூடமும் குசினியும் அடங்க வேண்டியிருந்ததால் விறாந்தை சுருங்கியது, முற்றம் இல்லாமற் போயிற்று. எனினும் மக்கள் தாமே கட்டியதால், பின்னர் ஒரு சார்ப்பு இறக்கவும் குசினியைத் தள்ளிக் கட்டவும் இடமிருந்தது. 2015–16இல் முன்வைக்கப்பட்ட 65,000 உருக்கு வீடுகளின் திட்டத்துக்கு வடக்கில் எழுந்த எதிர்ப்புக்கு விலையும் ஆயுளும் காரணமானது போலவே, இந்த வெயிலில் அவ்வீட்டின் பொருத்தமின்மையும், அதை வேண்டியபடி விரிக்க இயலாமையும் காரணமாயின. அந்த எதிர்ப்பு நியாயமானது. வீட்டைப் பற்றி மக்களுக்கு இருந்த அறிவின் வெளிப்பாடு அது.

இதே காலத்தில் மறுபக்கத்தில் எழுந்தது புலம்பெயர்ந்தோர் பணத்தில் கட்டப்படும் பெரிய வீடு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உழைத்தவர்கள் பிறந்த ஊரில் ஒரு வீடு எழுப்ப விரும்புவது மதிக்கத்தக்க ஆசை. இழந்த வீட்டின் இடத்தில் அது நிற்கிறது. ஆனால் அவ்வீடுகளில் பெரும்பாலும் அமெரிக்கா வழியாகச் சுற்றிவந்த மத்தியதரை முகமே ஒட்டப்படுகிறது: வளைவு உண்டு, அதன் பின்னே ஆழமான நிழல் இல்லை, தூண் உண்டு, அது தாங்கும் விறாந்தை மூன்றடி, அரைவட்ட ஓடு உண்டு, அது முகப்பில் ஒரு வரிசை அலங்காரம், மேலே பிளாட் அடித்த தட்டையான கொங்கிறீற்றுத் தளம். சித்திரையில் உச்சிவெயில் நேரே அத்தளத்தில் இறங்குகிறது. வெப்பம் மாலையில் கீழே இறங்கத் தொடங்கி நள்ளிரவுவரை அறைக்குள் வடிகிறது. திறக்க முடியாத கண்ணாடிப் பலகைகள் சோளகத்தை வெளியே நிறுத்துகின்றன. கிடுகுவேலியும் கதியாலும் நின்ற இடத்தில் எழுந்த உயரமான மதில் எஞ்சிய காற்றையும் மறித்து, தானும் சூடாகி வெப்பத்தை வீசுகிறது. அதன்பின் குளிரூட்டி தவிர்க்க முடியாததாகிறது. 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, எந்த வீட்டில் இருக்க முடிகிறது, எந்த வீட்டில் முடியவில்லை என்பதை நாடு முழுவதும் மக்கள் உடலால் அறிந்தனர்.

நாற்சாரை அப்படியே மீட்பது இன்று பெரும்பாலோர்க்கு இயலாது; அதற்குப் பணத்தைவிட நிலமே பெரிய தடை. தேசவழமைச் சட்டத்தின் வழியே வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து பிரிந்து, பல பரப்பு அகன்ற வளவுகள் இரண்டு மூன்று பரப்பாகச் சுருங்கின. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்னும் கணக்கில் 2 பரப்பு நிலம் 5,445 சதுர அடி. அதில் கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் வேண்டிய இடைவெளியை விட்டபின் நான்கு சாரும் நடுமுற்றமும் நெருக்கமாகிவிடும்; ஒடுங்கிய முற்றத்தில் காற்று அசையாது, மாரியில் பாசி பிடிக்கும். ஆனால் இரண்டு சார் போதும். ‘ட’ என்ற எழுத்தின் வடிவில், வடக்கே ஒரு சாரும் கிழக்கே ஒரு சாருமாகக் கட்டி, அவை அணைக்கும் மூலையை முற்றமாக விட்டு, முற்றத்தைத் தென்மேற்குக்குத் திறந்துவைத்தால், சோளகம் முற்றத்துக்குள் வந்து, 7 அடி ஆழமான உள்விறாந்தையைக் கடந்து, எதிரெதிர் யன்னல்கள் வழியே அறைகளை ஊடறுத்து வெளியேறும். தென்மேற்கிலிருந்து வரும் பின்னேர வெயிலை மறிக்க, சுவருக்குப் பதிலாக ஒரு கறுத்தக்கொழும்பு மாமரமோ பலாவோ நிற்கலாம். கிளைகளை 8 அடிக்குமேல் விட்டு வளர்த்தால் அடியில் காற்று ஓடும். முற்றத்தை மணலாகவே விட்டால் அதில் விழும் மழை கிணற்றுக்கே சேரும். கூரை மங்களூர் ஓடாக இருந்து, முகட்டின் இரு முனைகளிலும் காற்றுப்போக்கி வைக்கப்பட்டால், ஓட்டுக்குக் கீழே தேங்கும் சூடு வெளியேறும். நான்கு கூடுவாய்களுக்குப் பதில் இந்த வீட்டுக்கு ஒன்றே போதும். அதன் அடியிலும் துருப்பிடிக்காத அலுமினியத் தகட்டை இருபுறமும் ஓரடி ஏற்றி விரித்தால், சருகு அடைத்த நாளிலும் சலாகை நனையாது.